செடிக்கு வேர்த்த மலை

வெள்ளவத்தையில் கம்பளிச் சட்டை வைத்திருக்கிற வீடுகள் மிகக் குறைவு. வைத்திருந்தால், அங்கே யாரோ கனடாவுக்குப் போகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடியில் இருந்த பாமினி அக்கா அப்படிக் காத்திருந்தவர். அவருடைய மகளின் சிவப்புச் சட்டையை என் மகள் ஆரணிக்கு இரவல் வாங்கினேன்.

"தோய்க்காமத் தாரும், சுருங்கிப்போம்," என்றார் அவர். "கனடாவுக்கு முன்னம் ஒருக்கா நுவரெலியாவைப் பாக்கட்டும் இந்தச் சட்டை."

நாங்கள் போனது நுவரெலியாவுக்கும் மேலே, ஹோட்டன் சமவெளிக்கு. செடி கொடிகளில் பைத்தியம் பிடித்த கொழும்புக்காரர் சிலர் பள்ளி விடுமுறைகளில் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு எங்காவது காட்டுக்குப் போவார்கள். கல்யாணத்துக்கு முன், பெண்கள் பள்ளி ஒன்றில் தாவரவியல் படிப்பித்த காலத்தில், நானும் இரண்டொரு தடவை அவர்களோடு போயிருக்கிறேன். ஆரணி பிறந்த பிறகு போகவில்லை. சமாதானம் முறிந்து, காலி வீதியில் மறுபடியும் மணல் மூட்டைகள் அடுக்கப்பட்ட பிறகு, கடைக்குப் போவதற்கே நான் இரண்டு தடவை யோசிக்கிறவளாகிவிட்டேன்.

கூப்பிட்டவர் கொட்டாஞ்சேனை செபஸ்டியன் அங்கிள். துறைமுகத்தில் கிளார்க். வீட்டு மொட்டைமாடி முழுக்கப் பன்னம் என்கிற பெரணிச் செடிகள் வளர்ப்பவர்.

"வாங்க மகள்," என்றார் போனில். "ரோடோடென்ட்ரன் பூ முடியப் போகுது. பிள்ளையையும் கொண்டு வாங்க. மலைக்காத்து பட்டா வாய் திறக்கும்."

ஆரணியின் வாயைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. மூன்று வயது. வீட்டுக்குள் காலையில் தொடங்கினால் படுக்கும்வரை கதை. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. மொண்டிசோரியில் சேர்த்து ஒரு தவணை முடிந்துவிட்டது. அங்கே அவளுடைய குரலை ஒருவரும் கேட்டதில்லை. "டொக்டரிட்டக் காட்டுங்கோ மிஸிஸ்," என்று டீச்சர் சொல்லிவிட்டார். "அடுத்த தவணையும் இப்பிடியெண்டா எங்களால வச்சிருக்கேலாது. இவவுக்கு வேற மாதிரி ஸ்கூல்தான் பாக்கவேணும்."

டொக்டரிடம் காட்டவில்லை. காரணம் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறினால் தமிழில் கதைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். சோதனைச் சாவடியிலும் கூடாது. வெள்ளவத்தையில் பிள்ளை வளர்க்கிற அம்மாமார் எல்லோரும் அப்போது செய்த காரியம்தான். பொட்டை அழித்துவிட்டு, பிள்ளையின் வாயில் விரலை வைத்துவிட்டுத்தான் படி இறங்குவோம். திரும்பி வந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதும் நான் சொல்வேன்: "வீட்டை வந்திட்டம் குஞ்சு, இனிக் கதை." உடனே குழாய் திறந்த மாதிரிக் கொட்டும். மற்றப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு மட்டும் வாயை மூடக் கற்றுக்கொண்டார்கள். என்னுடையது வெளி உலகம் முழுவதற்கும் மூடிக்கொண்டது. நான்தான் கூடுதலாக அழுத்திச் சொல்லிவிட்டேனோ, அல்லது உண்மையிலேயே பிள்ளைக்கு ஏதும் குறையோ என்று யோசித்து யோசித்து அந்த மாதம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

என் கணவருக்குக் கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை, வர முடியவில்லை. "நீ போ," என்றார். சொல்லிவிட்டு என்னுடைய அடையாள அட்டையையும், கொழும்பில் இருக்கிற தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியையும் பையின் வெளி அறையில் வைத்தார். பிறகு எடுத்து உள் அறையில் வைத்தார். பிறகு மறுபடியும் வெளி அறையில். வானில் ஏறுவதற்கு முன் நானும் ஒருமுறை மாற்றி வைத்தேன்.

சனிக்கிழமை விடிய வான் வந்தது. முன் சீட்டில் செபஸ்டியன் அங்கிள், அவருக்குப் பின்னால் நுகேகொடையிலிருந்து நந்தா அக்கா. நந்தா அக்கா சிங்களவர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்காளர். காட்டு ஓர்க்கிட் என்றால் உயிரைக் கொடுப்பார். இன்னும் நாலைந்து பேர் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆரணி என் மடியில், சிவப்புச் சட்டையை வெள்ளவத்தை வெக்கையிலேயே போட்டுக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவிசாவளை தாண்டியதும் சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்தன. நந்தா அக்கா கிரிபத் என்கிற பாற்சோறும் லுணுமிரிஸ் என்கிற மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்திருந்தார். அங்கிளின் மனைவி மீன் பணிஸ் கட்டிக் கொடுத்திருந்தார். நான் இடியப்பமும் சம்பலும். ஒருவர் பெட்டியில் மற்றவர் கை வைத்து, எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. நந்தா அக்கா என் சம்பலைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வழிய, "இது சாப்பாடு இல்லை, தண்டனை," என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். ஆரணி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. தோள்கள் மட்டும் குலுங்கின.

நான் வழி நெடுகப் பயந்தது சோதனைச் சாவடிகளுக்கு. வான் நின்றது வேறு காரணத்துக்கு. மலை ஏறுகிற வழியில் எஞ்சின் கொதித்து முன்பக்கம் வெள்ளைப் புகை கிளம்பியது. டிரைவர் இறங்கி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு தேயிலையைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய மறு நிமிடம் வானை மறந்துவிட்டார்கள். மதகுக் கல்லில் ஏதோ பாசி. அவ்வளவுதான், வரிசையாக முழந்தாளில். இப்படிப்பட்ட ஆட்களோடு பயணம் போனால் வண்டி பழுதானதே தெரியாது.

பக்கத்தில் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னா அக்கா, மோதிரம் கீதிரம் வுழுந்திருச்சா?"

"இல்லை, பாசி பாக்கினம்."

"பாசியா? எங்க லயத்து வூட்டுப் பக்கம் வரச் சொல்லுங்க. சொவரு பூரா அதான்." பிறகு ஆரணியிடம் குனிந்தாள். "பாப்பா பேரு என்னா?"

ஆரணி என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். "சொல்லு குஞ்சு," என்றேன். சுற்றிலும் ஒரு சீருடையும் இல்லை. கேட்டவள் தமிழ். இருந்தும் அவள் உதட்டை மடித்தபடியே நின்றாள்.

"பேச்சு வராதா?" என்றாள் அந்தப் பெண், மெதுவாக, குரலைத் தாழ்த்தி. அந்தத் தாழ்த்தல்தான் எனக்கு வலித்தது.

"வரும். வெளியில கதைக்க மாட்டா."

"எங்க வூட்டுல மூணு இருக்கு. வாய மூட வைக்க அடிதான் போடணும்." சிரித்துக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை எங்கள் டிரைவருக்குக் கொடுத்தாள். குழந்தையின் கன்னத்தை ஈரக் கையால் தொட்டுவிட்டுப் போனாள்.

பட்டிப்பொலவில் பழைய பங்களா ஒன்றில் தங்கினோம். பின்னேரம் வெயில் இருந்தபோதே குளிர் எலும்புக்குள் போயிற்று. கொழும்பில் நாங்கள் குளிர் என்று சொல்வது மழைக்குப் பிறகு ஃபேனை நிறுத்துவதைத்தான். இங்கே தேத்தண்ணிக் கோப்பையை வைத்த இடத்திலிருந்து எடுப்பதற்குள் ஆறிப் போகிறது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வழக்கம் போல, "வீட்டை வந்திட்டம் குஞ்சு, இனிக் கதை," என்றேன். அது வீடு இல்லை என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கதவு சாத்தியிருந்தது, அது போதும்.

"அம்மா, வானுக்குக் காய்ச்சலே? மூக்கால புகை வந்தது. அந்த அன்ரி ஏன் என்ர கன்னத்த நனைச்சவ? அந்த நந்தா அன்ரி அழுது அழுது சம்பல் சாப்பிட்டவ. நான் அழாமச் சாப்பிட்டனான். அங்கிள் ஏன் கல்லுக்கு முத்தம் குடுத்தவர்?"

முழு நாளையும் ஒரு சொல் விடாமல் சேமித்து வைத்திருந்தாள். நான் கம்பளிக்குள் அவளை இழுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பக்கத்து அறைச் சுவர் பலகைதான் என்பது காலையில்தான் தெரிந்தது.

"மகள், நேத்து உங்கட ரூமுக்குள்ள கிளி ஒண்டு பூந்திட்டுதா?" என்றார் செபஸ்டியன் அங்கிள், பாணில் ஜாம் பூசிக்கொண்டே. "நான் கல்லுக்கு முத்தம் குடுத்தனானாம். என்ர மனிசிக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

ஆரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

ஞாயிறு காலை சமவெளிக்குள் நுழைந்தோம். மலைக்கு மேலே இவ்வளவு பெரிய தட்டை நிலம் இருக்கும் என்று நம்ப முடியாது. பொன் நிறப் புல், இடையிடையே கறுத்த காடு, ஓடைக் கரைகளில் குட்டை மூங்கில். மரங்கள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கூனி நின்றன. கொப்புகளில் நரைத்த தாடி போலப் பாசி. அங்கிள் சொன்ன ரோடோடென்ட்ரன், முடியப் போகிறது என்றாலும், முடியவில்லை. முறுக்கேறிய அடிமரத்தின் மேல் சிவப்புப் பூக்கள், ஆரணியின் சட்டையின் அதே சிவப்பு. புதர் ஒன்றின் இலையை நந்தா அக்கா பறிக்காமல் செடியிலேயே வைத்துக் கசக்கி, எங்களை மணக்கச் சொன்னார். மூட்டுவலித் தைலத்தின் மணம். அங்கிள் தன் முழங்காலை அதற்கு நேரே கொண்டுபோய் வைத்தார்.

இவர்கள் நடப்பது நடை இல்லை. நாலு அடி, பிறகு முழந்தாள். கையில் சின்னப் பூதக்கண்ணாடி, மூக்கு நிலத்தில். ஒருவர் "ஆ" என்றால் எல்லோரும் அங்கே. பின்னால் வந்த இளைஞர் கூட்டம் ஒன்று எங்களைக் கடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றது. ஒட்ட வெட்டிய முடி, ஒரே மாதிரியான சப்பாத்து, நிமிர்ந்த முதுகு. லீவில் வந்த ஆமிக்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் கை தானாக ஆரணியின் வாயருகே போயிற்று. தேவையே இருக்கவில்லை.

ஓடையருகே நந்தா அக்கா அவளைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பிடித்தார். ஈரமான கறுத்த மண்ணில் விரல் நகம் அளவுக்கு ஒரு செடி. இலை விளிம்பெல்லாம் மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி பசை. பூச்சி பிடிக்கிற செடி. ஒரு கொசு ஒட்டிக்கொண்டு கிடந்தது. "சன்டியூ. தொட வேண்டாம்," என்றார் அங்கிள், தேவாலயத்தில் போலத் தணிந்த குரலில். ஆரணியின் வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போனாள். என்னைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்சத் தூரம் போனதும் காட்டோரத்தில் யாரோ "ஆ" என்றார்கள். மரத்தில் ஒரு ஓர்க்கிட்; பூ அரிசிமணியை விடச் சின்னது. நந்தா அக்கா என் கையில் கண்ணாடியைத் தந்தார். நான் படிப்பித்த காலத்தில் படத்தில் மட்டும் காட்டிய குடும்பம். அந்தச் சின்னப் பூவுக்குள் ஊதா நிறத்தில் ஒரு நாக்கு, அதில் மூன்று வரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணை எடுத்தபோது கழுத்தின் பின்புறம் நனைந்திருந்தது. மரம் இருந்தது, அதற்கு அங்கால் ஒன்றும் இல்லை. பனி மூட்டம் இறங்கிவிட்டிருந்தது. மற்ற எல்லோரும் நிலத்தில் குனிந்திருந்தார்கள். ஆரணி இல்லை.

"பிள்ளை எங்க?" என்று கேட்டபோதுகூட முதலில் ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரோடு நிற்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். சமவெளி ஓரிடத்தில் சட்டென்று அறுந்து ஆயிரக்கணக்கான அடி கீழே விழுகிறது. அந்த இடத்துக்கு உலக முடிவு என்று பெயர். அது அங்கிருந்து தூரம் என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது பத்தடியில் இருந்தது. ஓடைச் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது.

நந்தா அக்கா "துவே! துவே!" என்று சிங்களத்தில் மகளே மகளே என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு பக்கம் போனார். அங்கிள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த இளைஞர்களும் பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் நடந்தார்கள், "பேபி! பேபி!" என்று ஆம்பிளைக் குரல்கள் பனிக்குள் போய்ப் போய் மங்கின. நானும் கத்தினேன். இங்கிலீஷில். "பேபி, கம் டு மம்மி!" பஸ்ஸில் அவளைக் கூப்பிடுகிற மாதிரி. அத்தனை பேர் நடுவில் என் வாயில் வந்தது அதுதான்.

பதில் இல்லை. எப்படி இருக்கும்? சிங்களம் கேட்கிறது, அந்நியர் குரல் கேட்கிறது, அம்மா இங்கிலீஷ் கதைக்கிறாள். வெளியில் நிற்கிறோம் என்பதற்கு அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த அடையாளங்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. அவள் பத்தடியில் நின்றாலும் உதட்டை மடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, சத்தம் போடாமல் நிற்பாள்.

அது விளங்கியதும் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆரணி! வீட்டை வந்திட்டம் குஞ்சு! இனிக் கதை!"

எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் திரும்பிப் பார்த்தான். கண் ஒருமுறை சுருங்கியது. தமிழ் என்று தெரிந்துகொண்டான். பிறகு தன் விரலை உதட்டில் வைத்து, பனிக்குள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்த தன் கூட்டாளிகளை நோக்கிக் கையை ஓங்கிக் காட்டினான். ஒவ்வொரு குரலாக அடங்கியது. நந்தா அக்காவும் நிறுத்தினார். சமவெளி முழுக்க ஓடைச் சத்தம் மட்டும்.

"வீட்டை வந்திட்டம்! கதை குஞ்சு!"

இடது பக்கம், தாழ்வில் இருந்து, சின்னக் குரல்.

"அம்மா, இஞ்ச வாங்கோவன்! இன்னொண்டு இருக்கு. இதுக்கு வேர்க்குது!"

"கதை! நிப்பாட்டாத, கதைச்சுக்கொண்டே இரு!"

"செடிக்கு வேர்க்குது அம்மா. ஏன் வேர்க்குது? குளிருதெல்லே. ஒரு எறும்பு ஒட்டியிருக்கு, கால ஆட்டுது. நான் தொடேல்ல. அங்கிள் தொட வேண்டாமெண்டு சொன்னவர். எனக்குச் சட்டை நனைஞ்சிட்டு, பாமினி மாமி ஏசுவா..."

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கினோம். நான், இளைஞன், பின்னால் மூச்சிரைக்க அங்கிள். முதலில் சிவப்பு தெரிந்தது, பிறகு அவள். ஓடைக் கரையில், தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளி, எங்கள் எல்லோரையும் போலவே முழந்தாளில், மூக்கு நிலத்தில்.

தூக்கியதும் அவள் என் தோளுக்கு மேலால் சுற்றிப் பார்த்தாள். பனி, புல், நாங்கள் இவ்வளவு பேர்.

"வீடு எங்க?" என்றாள், குற்றம் சாட்டுகிற குரலில்.

"என்ன கேட்கிறாள்?" என்றார் நந்தா அக்கா. சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முதுகைத் தடவினார். இளைஞன் ஒரு கணம் நின்றான். செடியைப் பார்த்தான், குனிந்து அந்த எறும்பைப் பார்த்தான், தன் கூட்டத்தோடு சேரப் போய்விட்டான். நான் நன்றி சொல்லவில்லை. எந்த மொழியில் என்று யோசிப்பதற்குள் பனி மூடிவிட்டது.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. மறுபடியும் உதட்டை மடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் அதே கதைதானா என்று நினைத்தேன். மறுபக்கம், இவள் இனிமேல் பஸ்ஸில் கத்தித் தொலைத்தால் என்ன செய்வேன் என்ற பயமும் இருந்தது. அங்கிள் பின்னால் திரும்பி ஒரு மிட்டாயை நீட்டினார். "கிளி, கொட்டாஞ்சேனைக்கு வந்தா என்ர மாடியில இருக்கிற பன்னம் எல்லாம் காட்டுவன், வாறியா?" மிட்டாய் போயிற்று; பதில் வரவில்லை.

கொழும்புக்குள் நுழைகிற சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பின்னேர வெயில். மலைக் குளிரிலிருந்து வந்த உடம்புக்கு வெக்கை முகத்தில் அறைந்தது. வரிசை. நந்தா அக்காவின் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார்கள். என்னுடையதைப் பொலிஸ்காரர் நிறுத்தி வாசித்தார். வடக்கில் நான் பிறந்த ஊர் இருந்த வரியில் விரல் நின்றது.

"எங்கே போய் வருகிறாய்?" சிங்களத்தில் கேட்டார்.

"ஹோட்டன் சமவெளிக்கு."

"எதற்கு?"

"செடி பார்க்க."

அவர் என்னைப் பார்த்தார். வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண், சின்னப் பிள்ளையோடு, சண்டை நடக்கிற நேரத்தில், செடி பார்க்க. அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. செபஸ்டியன் அங்கிள் விளக்கம் சொல்ல வாயெடுக்க, அவரைக் கையால் நிறுத்தினார். பையைத் திறக்கச் சொன்னார். உள் அறை, வெளி அறை.

அப்போதுதான் இடுப்பில் இருந்த ஆரணி என் காதோடு வாயை வைத்தாள். மூச்சுக் காற்றுத்தான், குரல் இல்லை.

"அம்மா, இது வீடா?"

எனக்கு முன்னால் துவக்கு. பக்கத்தில் மணல் மூட்டை. இல்லை குஞ்சு, பொறு, என்று சொல்வது எவ்வளவு சுலபம். இன்னும் அரை மணித்தியாலத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, வழக்கமானதைச் சொல்லிவிடலாம். விடுமுறை முடிந்து நாளைக்கு மொண்டிசோரி. நாளைக்கும் அவள் இதைத்தான் கேட்பாள். கேட்காமலே விட்டுவிடவும் கூடும்.

"ஓம் குஞ்சு," என்றேன். "வீடுதான். கதை."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பையைக் கிளறிக்கொண்டிருந்த பொலிஸ்காரரின் முகத்தை நேரே பார்த்தாள். நெற்றியில் வழிந்திருந்ததைச் சுட்டிக் காட்டி, அந்த வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, தமிழில் சொன்னாள்.

"மாமா, உங்களுக்கும் வேர்க்குது!"

வரிசை அசையவில்லை. அவருடைய கை பைக்குள் நின்றது. "என்ன சொல்லுது பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு, மலையில் வேர்க்கிற செடி ஒன்றைக் கண்டாள், அதைச் சொல்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். அட்டையைத் திருப்பித் தந்தார்.

"போ," என்றார்.

வான் புறப்பட்டது. அவள் நிறுத்தவில்லை. எறும்பைப் பற்றி, அந்த மாமாவின் தொப்பியைப் பற்றி, எங்கள் வீடு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதைப் பற்றி, காலி வீதி நெடுகக் கதைத்துக்கொண்டே வந்தாள்.